நான்காம் பாகம் எங்கே? – காமிக்ஸ் பதிப்பாசிரியர் ஒருவருக்குத் திறந்த மடல்

ஆசிரியர் அவர்களுக்கு,

கோவில்பட்டியில் வாடகை நூல்நிலையம் நடத்துகிறேன். அப்பா 1981-ல் ஆரம்பித்த கடை. அவர் போன பிறகு பதினாறு வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் காமிக்ஸ் வெளியிடத் தொடங்கிய முதல் மாதத்திலிருந்து உங்களுக்குச் சந்தா கட்டுகிறவள். இந்த மாத இதழின் கடைசிப் பக்கத்தில் வந்திருக்கும் அறிவிப்பைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்பது ஆல்பங்கள், அதாவது ஒன்பது தனிப் புத்தகங்கள், கொண்ட ஒரு பிரெஞ்சு கௌபாய் கதையை வருகிற ஜனவரியிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒரு பாகமாக, 48 பக்க இதழ்களாக வெளியிடப் போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஒன்பதும் வந்து முடிந்ததும், முன்பதிவு செய்பவர்களுக்கு மட்டும் கெட்டி அட்டைத் தொகுப்பு ஒன்றும் உண்டு என்று கீழே ஒரு வரி. ஒரு மாதம்கூடத் தவறாமல் நடந்தாலும் ஒன்பதாம் பாகம் என் கைக்கு வருவது அதற்கடுத்த வருடம் மே மாதம். பதினேழு மாதத்துக்கு ஒரு கதை.

சொன்னபடி நடக்கும் என்று நம்ப எனக்கு ஆசைதான். ஆனால் என் கடையின் மூன்றாவது அலமாரியில் உங்களுடைய கடற்கொள்ளையர் கதை இருக்கிறது. ஐந்து பாகக் கதை. முதல் மூன்று பாகங்கள் வந்தன. மூன்றாம் பாகத்தின் கடைசிக் கட்டத்தில் கப்பல் தீப்பிடித்து எரிகிறது, கதாநாயகன் சங்கிலியோடு கீழ்த்தளத்தில் கிடக்கிறான், அடியில் 'தொடரும்' என்று போட்டிருக்கிறது. ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. நான்காம் பாகம் வரவில்லை. ஏன் வரவில்லை, எப்போது வரும், வருமா வராதா என்று ஒரு வரிகூட இதுவரை நீங்கள் எழுதவில்லை. அதைப் பற்றி வாய் திறக்காமலே புதிதாக ஒன்பது பாகக் கதையை அறிவிக்கிறீர்கள். இதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

வாடகைப் புத்தகத்தைப் பார்த்தாலே அது எத்தனை கை மாறியது என்று தெரிந்துவிடும். கடற்கொள்ளையர் கதையின் முதல் பாகத்துக்கு நான் இரண்டு தடவை அட்டை மாற்றி ஒட்டியிருக்கிறேன். நடுப் பக்கங்கள் பிய்ந்து டேப் போட்டிருக்கிறேன். இரண்டாம் பாகத்தின் மூலைகள் மடங்கியிருக்கின்றன. மூன்றாம் பாகம் கூரியரில் வந்த அன்று எப்படி இருந்ததோ ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. முதலில் எடுத்தவர்கள், அடுத்தது இன்னும் வரவில்லை என்று மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறார்கள். அதற்கப்புறம் யாரும் தொடுவதில்லை. ரயில்வேயில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் வாரம் இரண்டு முறை வருவார். எந்தக் காமிக்ஸை நீட்டினாலும் முதலில் கடைசிப் பக்கத்தைத் திருப்பி 'தொடரும்' இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால், "முழுசா வந்ததும் கொடும்மா" என்று திருப்பி வைத்துவிடுவார். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், "அக்கா, நாலு வந்துருச்சா?" என்று மாதம் ஒரு தடவை கேட்டுக்கொண்டிருந்தான். இப்போது ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டான். கேட்பதை நிறுத்திவிட்டான்.

இன்னொரு இழப்பையும் சொல்கிறேன். போன வருடம் நீங்கள் வெளியிட்ட மூன்று பாகத் துப்பறியும் கதையில் இரண்டாம் பாகம் எனக்கு வரவேயில்லை. கூரியர் அலுவலகத்தில் கேட்டால் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தபோது கைவசப் பிரதி இல்லை என்று பதில் வந்தது. பொறுமையாகத்தான் பேசினார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதை யோசித்துப் பாருங்கள். தனிக் கதை ஒன்று தொலைந்தால் ஒரு புத்தகம்தான் நட்டம். தொடர்கதையில் ஒரு பாகம் தொலைந்தால் மீதி இரண்டும் வாடகைக்கு விட லாயக்கில்லாமல் போகிறது. முதல் பாகமும் மூன்றாம் பாகமும் என் கடையில் இப்போது வெறும் காகிதம்.

தொடர்கதை என்றாலே எனக்கு ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் வீடே தொடர்கதையில் வளர்ந்த வீடு. 1950-லிருந்து 1954 வரை கல்கி வார இதழில் பொன்னியின் செல்வன் வந்தபோது, என் ஆச்சி வாராவாரம் அந்தப் பக்கங்களை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்து, மணியம் வரைந்த படங்களோடு அடுக்கிவைத்து, பாகம் முடிந்ததும் பைண்டிங் செய்துவிடுவாராம். அப்பா கடை திறந்த அன்று முதல் அலமாரியில் வைத்தது அந்தக் காலிகோ அட்டைத் தொகுதிகளைத்தான். தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் அப்படி ஒரு தொகுதி இருந்தது. தொடராகப் படிப்பது, முடிந்ததும் தொகுத்துக் கட்டிவைப்பது, இரண்டும் நமக்குப் பழக்கம்தான்.

ஆனால் அந்தத் தொடர் வாராவாரம் வந்தது. ஆச்சிக்குப் போன அத்தியாயம் மறப்பதற்குள் அடுத்தது வாசலில் கிடந்தது. கதையும் அந்தந்த வாரம் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது, எழுதுகிறவருக்கே நேரம் தேவைப்பட்டது. நீங்கள் கொண்டுவரும் கதைகள் அப்படியா?

பிரெஞ்சு, பெல்ஜியம் காமிக்ஸ்களும் தொடராகப் பிறந்தவைதான். எனக்குத் தெரியாமல் இல்லை. ஸ்பிரூ இதழ் 1938-லும் டின்டின் வார இதழ் 1946-லும் பிலோட் 1959-லும் தொடங்கின. வாரம் ஒன்றிரண்டு பக்கம் வரும். பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரு கதவு திறக்கும், அல்லது ஒரு துப்பாக்கி நீளும். அடுத்த வாரம் வரை பிள்ளைகள் காத்திருப்பார்கள். 46 பக்கம் அளவுக்குச் சேர்ந்ததும் அது ஆல்பமாகக் கடைக்கு வரும். இன்றைக்கும் அந்தப் பழைய ஆல்பங்களை எடுத்து வலது பக்கத்துக் கடைசிக் கட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போனால் அந்த வாரக் கணக்கு தெரியும். அங்கே வாசகர் காத்திருந்ததற்குக் காரணம் இருந்தது. ஓவியர் இன்னும் வரையவில்லை.

கேப்டன் டைகர் என்று நாம் அழைக்கும் புளூபெரி என்ற பிரெஞ்சு கௌபாய் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ழான்-மிஷேல் சார்லியே என்பவர் எழுத, ழான் ழிரோ வரைய, 1963-ல் பிலோட்டில் தொடங்கியது. 1975-ல் ஒரு ஆல்பம் வந்தது. அடுத்தது 1980-ல்தான் வந்தது. நடுவில் ழிரோ மோபியஸ் என்ற பெயரில் வேறு உலகங்களை வரைந்துகொண்டிருந்தார். பிரெஞ்சு வாசகன் ஐந்து வருடம் காத்திருந்தான் என்றால் அந்தப் பக்கங்கள் உலகத்திலேயே இல்லை என்பதால் காத்திருந்தான். நீங்கள் அறிவித்திருக்கும் கதையோ எழுதி, வரைந்து, வண்ணம் தீட்டி, முடிந்து பல வருடம் ஆனது. ஒன்பது ஆல்பங்களும் அங்கே கடையில் வரிசையாக நிற்கின்றன. அதைத் துண்டு துண்டாக்கி எங்களைப் பதினேழு மாதம் உட்காரவைப்பது யாருடைய தேவைக்காக?

நம் ஊர் வரலாறும் உங்கள் திட்டத்துக்குப் பக்கபலமாக இல்லை. இரும்புக்கை மாயாவி இங்கிலாந்தில் 1962-லிருந்து வாலியண்ட் வார இதழில் இரண்டு மூன்று பக்கமாக வந்த தொடர். முத்து காமிக்ஸ் 1972-ல் அதை நமக்கு எப்படிக் கொடுத்தது? ஒரே புத்தகமாக. அங்கே பல வாரம் காத்திருந்து படித்ததை இங்கே அப்பா தலைமுறை ஒரு மதியத்தில் திண்ணையில் உட்கார்ந்து படித்து முடித்தது. தமிழ் வாசகன் காமிக்ஸ் மேல் பைத்தியமானதே முழுக் கதை கையில் கிடைத்ததால்தான் என்று நான் நினைக்கிறேன். இத்தாலியக் கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லரையும் பாருங்கள். இத்தாலியில் அந்த மாத இதழுக்கு 110 பக்கத்துக்கு மேல். கதை ஓர் இதழின் நடுவில் தொடங்கி அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ முடிவது அங்கே சகஜம். மாதம் தவறாமல் வருவதால் அங்கே அது செல்லும். தமிழில் டெக்ஸ் கதையைப் பாதியில் நிறுத்திக் கொடுத்தால் என் வாடிக்கையாளர்கள் என்னைத்தான் திட்டுவார்கள்.

'முன்கதைச் சுருக்கம் போடுகிறோமே' என்று நீங்கள் சொல்லக்கூடும். போடுகிறீர்கள், பார்த்தேன். நாவலுக்கு அது போதும். காமிக்ஸுக்குப் போதாது. காமிக்ஸில் பாதிக் கதை வசனத்தில் இல்லை, படத்தில் இருக்கிறது. உங்கள் கடற்கொள்ளையர் கதையிலேயே முதல் பாகத்தில் மதுக்கடைக் காட்சி ஒன்று. பின்னால், கூட்டத்துக்கு நடுவில், ஒருவன் கையில் பச்சைக் கல் மோதிரம். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. மூன்றாம் பாகத்தில் பிணத்தின் விரலில் அதே மோதிரம். இரண்டுக்கும் நடுவில் எனக்கு ஏழு மாத இடைவெளி. நான் அதைக் கவனித்தது எப்போது தெரியுமா? மழைக்காலத்தில் அலமாரியைத் துடைக்க மூன்றையும் எடுத்தபோது, சும்மா தரையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் படித்தேன். அன்றைக்குத்தான் அந்த மோதிரம் கண்ணில் பட்டது. எழுந்து போய் முதல் பாகத்தை மறுபடி விரித்துப் பார்த்தேன், உடம்பு சிலிர்த்துவிட்டது. ஓவியர் எங்களுக்காக வைத்த பொருள் அது. எந்த முன்கதைச் சுருக்கம் அதைச் சொல்லும்? சொன்னால் அதுவே கதையைக் கெடுத்துவிடும்.

பெயர் விஷயமும் இருக்கிறது. முதல் பாகத்தில் 'மார்ட்டின்' என்று வந்தவர் மூன்றாம் பாகத்தில் 'மார்த்தேன்' ஆகிவிட்டார். இரண்டு பேர் என்று நினைத்துப் பத்துப் பக்கம் படித்தேன். முதல் பாகத்தில் கப்பல் தலைவன் மதுரைப் பக்கத்துப் பேச்சில் பேசினான், இரண்டாம் பாகத்தில் மேடைத் தமிழில் பேசினான். மொழிபெயர்ப்பாளரைக் குறை சொல்லவில்லை. மாதக்கணக்கில் இடைவெளி விட்டு, ஒருவேளை ஆள் மாறி, பழைய பாகத்தைப் புரட்டிப் பார்க்க நேரமில்லாமல் செய்தால் இப்படித்தான் ஆகும். முழுக் கதையையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் மொழிபெயர்த்து, ஒரே தடவை பிழை திருத்தினால் இது வராது.

சரி, அப்படியென்றால் எல்லாவற்றையும் ஒரே குண்டு புக்காகப் போடச் சொல்கிறேனா? இல்லை. அதிலும் எனக்குக் குறை உண்டு. 'XIII' என்ற பிரெஞ்சு மொழிக் காமிக்ஸின் தமிழ் வடிவமான இரத்தப் படலம் 2010-ல் பதினெட்டு பாகங்களோடு கருப்பு வெள்ளையில் ஒரே தொகுப்பாக வந்தபோது எங்கள் ஊரில் பொங்கல் மாதிரி இருந்தது. விடுமுறைக்கு எடுத்துப் போன ஒருவர் ராத்திரி பகல் பாராமல் படித்துவிட்டு, கண் சிவந்து திருப்பிக் கொடுத்தது இன்னும் நினைவிருக்கிறது. அந்த அனுபவத்துக்கு ஈடு இல்லை. ஆனால் அதே ஆசையில் நீங்கள் போன வருடம் போட்ட 700 பக்க வண்ணத் தொகுப்பு என் கடையில் மூன்றாவது ஆளிடம் போனபோதே முதுகு பிளந்துவிட்டது. ஆர்ட் பேப்பர் கனமானது. அதை வெறும் பசையில் ஒட்டி நிறுத்தினால் நிற்காது. நடுவில் விரித்துப் பிடித்தால் உள் ஓரத்துக் கட்டங்கள் பாதி மடிப்புக்குள் போய்விடுகின்றன, இரண்டு பக்கமும் சேர்ந்த பெரிய படம் என்றால் குதிரையின் தலையே காணோம். பிரித்து நூல் தைத்து நானே மறுபடி கட்டினேன். பத்து வயதுப் பிள்ளை அந்தப் புத்தகத்தை மடியில் வைத்தால் பிள்ளை தெரியாது. விலையோ ஒரு குடும்பத்தின் வாரச் சாமான் செலவு.

நான் கேட்பது இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கதை எங்கே முடிகிறதோ அங்கே புத்தகம் முடியட்டும்.

அந்த இடத்தை நீங்களோ நானோ கண்டுபிடிக்க வேண்டியதில்லை. எழுதியவர்களே குறித்து வைத்திருக்கிறார்கள். பெல்ஜியக் காமிக்ஸ் எழுத்தாளர் வான் ஹாம் லார்கோ விஞ்ச் கதைகளை 1990-ல் தொடங்கியபோதே இரண்டு ஆல்பத்துக்கு ஒரு கதை என்ற கணக்கில்தான் எழுதினார். அதில் ஒன்றை மட்டும் வெளியிடுவது பாதிச் சாப்பாட்டில் இலையை எடுப்பது மாதிரி. அவரே எழுதி ரோசின்ஸ்கி வரைந்த தோர்கல் என்ற வைக்கிங் வீரன் தொடரில் எட்டாவது ஆல்பமான 'அலினோயே' ஒரு தனிக் கதை. கடலுக்கு நடுவில் ஒரு தீவு, ஒரு தாய், ஒரு சிறுவன், அவ்வளவுதான். அதைத் தாராளமாக 48 பக்க இதழாகப் போடலாம், கையில் எடுத்தவருக்கு ஒரு குறையும் வராது. ஆனால் 1986-லிருந்து 1988 வரை வந்த பத்தாவது முதல் பதின்மூன்றாவது வரையிலான நான்கு ஆல்பங்கள் 'கா' நாட்டைப் பற்றிய ஒரே பெரும் பயணம். அந்த நான்கையும் பிரித்தால் நான்கும் ஊனம். ஒரே தொடர்தான், ஆனால் அதற்குள்ளேயே தனியாக நிற்பது ஒன்று, சேர்ந்து நிற்க வேண்டியது இன்னொன்று. இரத்தப் படலத்தின் மூலமான பதிமூன்றாம் எண்காரன் கதை, வான் ஹாம் எழுதிய வரையில், 1984-ல் தொடங்கி 2007-ல் பத்தொன்பதாவது ஆல்பத்தோடு முடிந்தது. இருபத்து மூன்று வருடம். அதிலும் முதல் ஐந்து ஆல்பங்களில் ஜனாதிபதிக் கொலைச் சதி ஒரு கரைக்கு வந்துவிடும். அங்கே புத்தகத்தை மூடி வைத்துப் பெருமூச்சு விடலாம்.

பிரான்சிலும் பெல்ஜியத்திலும் இப்போது பழைய தொடர்களை அப்படித்தான் மறுபடி விற்கிறார்கள். மூன்று நான்கு ஆல்பங்களை ஒரு தொகுதியாக்கி 'அந்தெக்ரால்' என்று பெயர் போட்டு அலமாரியில் அடுக்குகிறார்கள். ஒரு தொகுதி 150 முதல் 200 பக்கம் வரும். கையில் அடங்கும், முதுகு தாங்கும். நூல் தைத்தால் என் கடையிலேயே பத்து வருடம் ஓடும்.

உங்கள் பக்கத்துச் சிரமமும் எனக்குப் புரிகிறது. புத்தகம் விற்றுப் பணம் வருவதற்கு முன்பே வெளிநாட்டுப் பதிப்பகத்துக்கு ராயல்டி கட்ட வேண்டும். காகிதம் வாங்க வேண்டும், அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். நாலு ஆல்பத்துக்கும் சேர்த்து ஒரே தடவையில் பணம் போட்டுவிட்டு, விற்காவிட்டால் கட்டுக் கட்டாகக் கிடங்கில் கிடக்கும். தனித்தனி பாகமாக வந்தால் மாதாமாதம் கொஞ்சம் வருகிறது, அதை வைத்து அடுத்ததைப் போடலாம். இந்தக் கணக்கு தப்பு என்று சொல்ல மாட்டேன். நானும் கடை வைத்திருப்பவள்தான்.

வாங்குகிறவர் பக்கத்திலும் இதே கணக்கு உண்டு. எங்கள் ஊரில் தீப்பெட்டி ஆபீஸுக்கும் மில்லுக்கும் வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள் நூறு நூற்றைம்பது ரூபாய்க்கு ஓர் இதழ் வாங்கிவிடுவார்கள். அறுநூறு ரூபாய்த் தொகுதி என்றால் கடை வாசலில் நின்று அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். மெல்லிய இதழை நிறுத்திவிட்டால் புது வாசகன் வருகிற வாசலையே அடைத்த மாதிரி ஆகும். அதனால்தான் மெல்லிய இதழ் வேண்டாம் என்று நான் ஒரு நாளும் சொல்ல மாட்டேன். அதற்குள் என்ன கதையை வைக்கிறீர்கள் என்பதில்தான் எனக்குப் பேச்சு. லக்கி லூக் மாதிரி ஓர் ஆல்பத்தில் முடிகிற கதைகள் எத்தனை இருக்கின்றன. இன்னும் தமிழில் வராத ஒற்றை ஆல்பக் கதைகள் மலை மாதிரி இருக்கும். மாத இதழுக்கு அவற்றைக் கொடுங்கள். பிள்ளை நூறு ரூபாய் கொடுத்தால் அந்த நூறு ரூபாய்க்கு ஒரு முழுக் கதை வீட்டுக்குப் போகட்டும்.

பெரிய கதைக்குப் பணம் சேர்க்க நம் ஊரிலேயே வழி இருக்கிறது. தீபாவளிச் சீட்டு. மாதம் நூறு இருநூறு கட்டி, பண்டிகைக்குப் பட்டாசும் பலகாரமும் மொத்தமாக வாங்குகிறோம். அதையே செய்யுங்கள். மாதம் இவ்வளவு என்று சந்தா வாங்குங்கள், மூன்று மாதம் கட்டியதும் மூன்று ஆல்பங்கள் சேர்ந்த ஒரு தொகுதியை அனுப்புங்கள். உங்களுக்குப் பணம் முன்கூட்டியே, மாதாமாதம் வருகிறது. எத்தனை பிரதி அச்சடிக்க வேண்டும் என்பதும் முதல் மாதமே தெரிந்துவிடுகிறது. கூரியர் செலவு மூன்றுக்குப் பதில் ஒன்று. நடுவில் ஒரு பாகம் தொலைந்து மற்றவை பாழாவதும் இல்லை. எங்களுக்கும் ஒரே நாளில் அறுநூறு ரூபாய் எடுத்து வைக்கிற பாரம் இல்லை. இப்படி ஒன்று வந்தால் எங்கள் ஊரில் நானே பத்துப் பேரைச் சேர்த்துக் கொடுப்பேன். பணத்தை என் கடையில் வாங்கி உங்களுக்கு அனுப்புவேன்.

கடைசி வரியில் போட்டிருக்கிறீர்களே, தனிப் பாகங்கள் முடிந்ததும் முன்பதிவு செய்வோருக்குத் தொகுப்பு என்று, அது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. ஒன்பது பாகத்தையும் காசு கொடுத்து வாங்கி, பதினேழு மாதம் காத்திருந்து, உங்கள் கதையை உயிரோடு வைத்திருக்கப் போவது யார்? சந்தாதாரர்கள். அவர்களுக்குக் கிடைப்பது ஒன்பது மெல்லிய இதழ்கள். ஒன்றும் வாங்காமல் சும்மா இருந்துவிட்டுக் கடைசியில் முன்பதிவு செய்பவருக்குக் கெட்டி அட்டை, நல்ல காகிதம், முழுக் கதை. நாங்களும் அது வேண்டுமென்றால் அதே கதைக்கு இரண்டாவது தடவை பணம் கொடுக்க வேண்டும். பொறுமையாக இருந்தவர்களைவிட ஒதுங்கி நின்றவர்களுக்கு நல்லது கிடைத்தால், அடுத்த தடவை யார் முதல் பாகத்தை வாங்குவார்கள்? எங்கள் ஊரில் இப்போதே சிலர், "தொகுப்பு வரட்டும், பாத்துக்கலாம்" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள் ஒதுங்க ஒதுங்க விற்பனை குறையும், விற்பனை குறைந்தால் நாலாம் பாகத்தோடு நிற்கும். கடற்கொள்ளையர் கதைக்கும் இதுதான் நடந்ததோ என்று எனக்குச் சந்தேகம்.

இனி நான் கேட்பதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில், கடற்கொள்ளையர் கதையின் நான்காம், ஐந்தாம் பாகங்களை ஒரே புத்தகமாக வெளியிடுங்கள். வண்ணத்தில் முடியாவிட்டால் கருப்பு வெள்ளையில் போடுங்கள், சாதாரணக் காகிதத்தில் போடுங்கள், குறை சொல்ல மாட்டேன். உரிமை கிடைக்கவில்லை, அல்லது பணம் இல்லை என்றால் அதையாவது அடுத்த இதழில் எழுதுங்கள். மூன்று பாகம் வாங்கியவர்களுக்குக் காரணம் தெரிந்துகொள்ள உரிமை இருக்கிறது. அதற்கு முன்னால் புதிய நீண்ட கதை எதையும் தொடங்க வேண்டாம்.

அடுத்தது, ஜனவரிக் கதை. ஒன்பது ஆல்பங்களைக் கதை நிற்கிற இடம் பார்த்து மூன்று அல்லது நான்கு தொகுதிகளாகப் பிரியுங்கள். ஒரு தொகுதியின் எல்லா ஆல்பங்களுக்கும் மொழிபெயர்ப்பும் பிழைதிருத்தமும் முடிந்து, அச்சுக்குப் போகத் தயாரான பிறகே அதன் தேதியை அறிவியுங்கள். பெயர்களுக்கு ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு கடைசி வரை அதையே பின்பற்றச் சொல்லுங்கள். புத்தகத்தை நூல் தைத்துக் கட்டுங்கள், அதற்காக ஒரு பிரதிக்கு இருபது முப்பது ரூபாய் கூட்டினாலும் கொடுப்போம்.

சந்தாவை மாதத் தவணையாக வாங்கிக்கொள்ளுங்கள். தனித் தொகுப்பு என்று பின்னால் ஒன்று வருவதாக இருந்தால், தனிப் பாகங்கள் வாங்கியவர்களுக்கு அதில் பாதி விலையாவது கழித்துக்கொடுங்கள். தபாலில் தொலைகிற இதழ்களுக்காக ஒவ்வொரு பாகத்திலும் கொஞ்சம் பிரதிகளைத் தொடர் முடிகிற வரை விற்காமல் எடுத்து வையுங்கள். என் துப்பறியும் கதையின் இரண்டாம் பாகம் உங்கள் கிடங்கில் எங்காவது, அட்டை கிழிந்ததாக இருந்தாலும், ஒன்று கிடந்தால் அனுப்பிவையுங்கள். விலையும் கூரியர் செலவும் கொடுத்துவிடுகிறேன், அட்டையை நானே போட்டுக்கொள்கிறேன்.

மாத இதழ்களில் ஓர் ஆல்பத்தில் முடிகிற கதைகளை மட்டும் போடுங்கள்.

உங்கள் பதிலை அடுத்த இதழின் கடைசிப் பக்கத்திலேயே, அறிவிப்பு வந்த அதே இடத்தில் எதிர்பார்க்கிறேன். அந்தப் பக்கத்தை வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டுவேன். ஒன்பதாம் வகுப்புப் பையன் வருகிற வழியில் அது இருக்கும்.

இப்படிக்கு,
வாடகை நூல்நிலையம் நடத்தும் உங்கள் சந்தாதாரர்,
கோவில்பட்டி